ஒற்றுப்பிழையால் வந்த ஒரு சாக்கு வாழைப்பழம்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

என் மதிப்புக்கும் அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய அக்கா வஜிஹா பேகம் அவர்களுக்கு, தம்பி அதாவுல்லா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் நாஸியாவும் மகள் சானியாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். காவேரிப்பட்டினத்தில் தாங்களும் சுகமாக இருந்து, தங்கள் முழங்கால் வலியும் தணிந்து, மாடிப்படி ஏற முடிகிற அளவுக்கு ஆகியிருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

முந்தாநாள் போனில் நான் பேச ஆரம்பித்ததுமே, "நீ வாயால சொன்னா ஊரைச் சுத்துவ. நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பு, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று தாங்கள் வைத்துவிட்டீர்கள். முப்பத்தோரு வருடம் பிள்ளைகளின் தமிழ் விடைத்தாளைத் திருத்தி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவருக்குக் கடிதம் எழுதுவது என்றால் எனக்கு எவ்வளவு உதறல் என்று தங்களுக்கே தெரியும். போன பெருநாளுக்கு நான் அனுப்பிய வாழ்த்திலேயே ஒரு 'க்' கூடுதலாக இருக்கிறது என்று வட்டம் போட்டு, அதைப் படம் எடுத்து, குடும்ப குரூப்பில் எல்லாரும் பார்க்கிற மாதிரி திருப்பி அனுப்பினவர் தாங்கள். அந்த 'க்' விஷயம் இந்தக் கடிதத்திலும் வரப்போகிறது. அதனால் சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் தாங்கள் அறிந்ததே. தங்கள் மருமகள் சானியாவுக்குக் கால்பந்து மாவட்ட அணிக்கான பத்து நாள் முகாமில் இடம் கிடைத்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இந்தப் பக்கம் இரண்டு பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது. தாங்களோ, "ரெண்டு மேட்ச்ல ரெண்டு தரம் சுருண்டு விழுந்திருக்கா. வயசுப் பொண்ணு உடம்பு என்ன ரப்பரா? முகாமும் வேணாம், பந்தும் வேணாம்" என்று சொல்லிவிட்டீர்கள். அத்தா மவுத்தான பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர் தாங்கள். தங்கள் வாயிலிருந்து 'சரி' வராமல் இந்த வீட்டில் ஒரு துரும்பு அசையாது. முகாமுக்கான ஃபாரம் கையெழுத்துப் போடாமல் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்த இரண்டு விழுகையும் அவள் உடம்பின் குற்றம் அல்ல. ஒன்று ஊர்க் குற்றம், இன்னொன்று உங்கள் தம்பியின் குற்றம். அதை நிரூபிக்கத்தான் இந்தக் கடிதம்.

முதல் விழுகையைச் சொல்கிறேன். சூளகிரி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மைதானம். மைதானம் என்றால் இந்தக் கோடியில் ஒரு கோல் கம்பம், அந்தக் கோடியில் ஒரு கோல் கம்பம், நடுவில் செம்மண், அவ்வளவுதான். பகல் பதினோரு மணிக்கு ஆட்டம். நான் குடோனில் இருந்தேன், நாஸியாவுக்கு ஃபாக்டரியில் ஃபர்ஸ்ட் ஷிப்ட். இரண்டாம் பாதியில் சானியாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். கோல் கீப்பர் மாதேஸ்வரிதான் ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அந்தப் பெண்ணின் அம்மா பாப்பம்மா ரோஜாத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர், மாதேஸ்வரி எங்கள் வீட்டில்தான் பாதி நாள் இருப்பாள். சானியா என்னைப் பார்த்ததும், "ஒண்ணும் இல்லத்தா, வெயிலு" என்று சிரித்தாள். உதடு வெடித்திருந்தது அக்கா. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் கோச் மாதேஷ் சாருக்குப் போன் போட்டேன். அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரர், தினமும் வண்டியில் வந்து சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற தங்கமான மனிதர். நேரில் தமிழ் பேசுவார். அவசரம் என்றால் கன்னடம்தான் வரும். "என் பொண்ணுக்கு என்னென்ன குடுக்கணும் சார்? நீங்க சொல்லுங்க, நான் குறை வைக்காம குடுக்கறேன்" என்றேன். வண்டியில் போய்க்கொண்டிருந்தவர், வாய்ஸ் மெசேஜ் போடுகிறேன் என்றார். போட்டார். நான் அதைக் கேட்ட நேரம், குடோனில் ராயக்கோட்டை மண்டிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் தொழில்தான் தங்களுக்குத் தெரியுமே, பழைய சாக்கு வாங்கித் தட்டித் தைத்து, பீன்ஸ்காரனுக்கும் முட்டைக்கோஸ்காரனுக்கும் விற்பது. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் என் பெயரே சாக்கு பாய்தான். அதாவுல்லா என்று கேட்டால் போஸ்ட்மேனுக்கே தெரியாது. அந்த இரைச்சலுக்கு நடுவில் போனைக் காதில் அழுத்திக் கேட்டால், மாதேஷ் சார் சொல்கிறார்: "பாய், கார்ப் லோடிங் முக்கிய. பாளே ஹண்ணு ஒந்து சாக்கு. கித்தளே அர்த சாக்கு. மொட்டே எரடு சாக்கு. நீரு மாத்ர சென்னாகி குடிபேக்கு."

இப்போது தாங்களே நியாயம் சொல்லுங்கள். பாளே ஹண்ணு என்றால் வாழைப்பழம், கித்தளே என்றால் ஆரஞ்சு, நீரு நமக்கும் நீர்தான், குடிபேக்கு என்றால் குடிக்க வேண்டும். இத்தனை வருடம் எல்லையில் குப்பை கொட்டியவனுக்கு இது கூடவா தெரியாது? ஆனால் ஒருவர் எனக்குப் போன் போட்டு 'லோடிங்' என்ற சொல்லையும் 'சாக்கு' என்ற சொல்லையும் ஒரே மூச்சில் சொன்னால், என் காதுக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் அர்த்தம்தான். எனக்குப் போன் போடுகிற கன்னடக்காரர்கள் எல்லாரும், "பாய், நூறு சாக்கு பேக்கு" என்பார்களே தவிர, அந்தச் சொல்லை வேறு எதற்கும் என்னிடம் பயன்படுத்தியதே இல்லை. ஆக, வாழைப்பழம் ஒரு சாக்கு, ஆரஞ்சு அரைச் சாக்கு. அடுத்து அவர் சொன்னது எனக்கு 'மூட்டை, ரெண்டு சாக்கு' என்று கேட்டது. என்ன மூட்டை என்று மட்டும் புரியவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு சாக்கு வாழைப்பழமா என்று எனக்கும் ஒரு நிமிடம் இடிக்கத்தான் செய்தது. பிறகு, பதினாலு பிள்ளைகள், மேட்ச்சு வரிசையாக இருக்கிறது, விழுந்த பிள்ளையின் அப்பன் என்ற முறையில் டீம் முழுவதற்கும் என்னைச் செய்யச் சொல்கிறார், மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். நாஸியாவைக் கேட்டிருக்கலாம். ஃபாக்டரியில் அவள் லைனில் பாதிப் பேர் கன்னடம் பேசுகிறவர்கள். ஆனால் கேட்டால் "நீங்க இதுல தலையிடாதீங்க" என்பாள். அதனால் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, அதே மைதானத்தில் இரண்டாவது மேட்ச். மார்க்கெட்டில் விடியற்காலையே போய், நல்ல தாராகப் பார்த்து, சீப்பு சீப்பாகக் கழற்றி, அடியில் வைக்கோல் போட்டு, என்னிடம் இருந்ததிலேயே புதுச் சாக்காக ஒன்றில் அடுக்கினேன். ஆரஞ்சு அரைச் சாக்கு. அப்புறம், மூட்டை என்று சொன்னாரே, என்ன மூட்டை என்று தெரியாவிட்டாலும் நம் கடமையை நாம் செய்வோம் என்று இரண்டு வெறும் சாக்கை நன்றாக உதறி மடித்துச் சணலால் கட்டி எடுத்துக்கொண்டேன். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று. எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், வழி தெரியாமல் நேராக மைதானத்தின் நடுவட்டத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். ரெஃபரி விசில் ஊதுகிறார். நான் எனக்கு வரவேற்பு என்று நினைத்துக் கையைத் தூக்கி ஸலாம் சொன்னேன்.

மாதேஷ் சார் ஓடி வந்தார். "பாய், ஏனு இது?"

"நீங்க சொன்னதுதான் சார். வாழைப்பழம் ஒரு சாக்கு."

"நானு எல்லி சாக்கு கேட்டேன்?"

"ஒந்து சாக்குன்னீங்களே சார். வாய்ஸ் இருக்கு, போடட்டா?"

"அய்யோ பாய்! ஒண்ணு சாக்கு! ஒண்ணு போதும், போதும்! லோடிங்னா உடம்புல சத்து ஏத்தறது. ஒரு புள்ளைக்கு ஒரு பழம் போதும்னேன். ஆரஞ்சு பாதி போதும்னேன். மொட்டே எல்லி? முட்டை எங்க?"

நான் அந்த இரண்டு வெறும் சாக்கையும் எடுத்து நீட்டினேன். "இதோ சார், மூட்டை. ரெண்டு. எண்ணிப் பாத்துக்கங்க."

அவர் அப்படியே கோட்டின் மேலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

அக்கா, அவர்கள் மொழியில் 'சாகு' என்றால் 'போதும்' என்று அர்த்தமாம், அதற்கும் என் வயிற்றுப் பிழைப்பான சாக்குக்கும் நடுவில் இருப்பது ஒரே ஓர் ஒற்றெழுத்து. அவர் சொன்னதில் 'க்' இல்லை, என் காது போட்டுக்கொண்டது. வாழ்த்தில் ஒரு 'க்' கூடினால் தாங்கள் வட்டம் போடுவீர்கள். இங்கே ஒரு 'க்' கூடினதற்கு எண்பது கிலோ வாழைப்பழம் வந்து இறங்கிவிட்டது. எங்கள் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், எதிர் டீம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், "சானியா, உங்கத்தா மார்க்கெட்டையே தூக்கிட்டு வந்துட்டாருடி" என்று ஒருத்தி கத்துகிறாள். நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். போகவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை.

அப்போதுதான் சானியா வந்தாள். எல்லாரும் பார்க்க நடந்து வந்து, சாக்குக்குள் கையை விட்டு, ஒரு பழத்தை எடுத்து உரித்துத் தின்றாள். "சூப்பரா இருக்குத்தா. இன்னொண்ணு குடுங்க" என்றாள். இன்னொன்று தின்றாள். சிரித்துக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தபடியே மூன்றாவதைத் தின்றாள். "போதும்மா" என்றேன். "பசிக்குதுத்தா" என்று நாலு, ஐந்து. பசி எங்கிருந்து வந்தது? காலையில் களி உருண்டையும் கீரைக் குழம்பும் தின்றுவிட்டு வந்தவள். என் முகம் விழுந்து கிடந்ததைப் பார்த்துத்தான் தின்றாள் அக்கா, வேறு எதற்கும் இல்லை. அடுத்த ஐந்தாவது நிமிடம் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. பத்தாவது நிமிடம் கார்னர் கொடி பக்கத்தில் பந்தோடு ஓடினவள் நின்றாள், வயிற்றைப் பிடித்தாள், அங்கே நின்றிருந்த லைன்ஸ்மேனின் வெள்ளை ஷூ மேலேயே அத்தனையும் வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு படுத்துவிட்டாள். குடும்ப குரூப்பில் தாங்கள் பார்த்த வீடியோ அதுதான். ஓரத்தில் வாழைப்பழச் சீப்போடு ஓடுகிற ஆள் நான். அதை எடுத்துப் போட்டவன் எவன் என்று தெரிந்தால் ஒரு மாதத்துக்குத் தின்ன வாழைப்பழம் அனுப்பி வைப்பேன்.

ஆக இரண்டாவது விழுகை என் குற்றம். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். அவள் உடம்பு ரப்பர் இல்லைதான், ஆனால் அதில் ஒரு பழுதும் இல்லை. அப்பன் மேல் வைத்த பாசம்தான் ஐந்து பழமாக உள்ளே போய்த் திரும்பி வந்தது.

இனி முதல் விழுகைக்கு வருகிறேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாமல் தீராது. ஆட்டம் முடிந்து சாமான் ஏற்றும்போது பார்க்கிறேன், தண்ணீர் கேன் சீல் உடையாமல் அப்படியே இருக்கிறது. பதினாலு பிள்ளைகள், மண்டையைப் பிளக்கிற வெயில், ஒருத்தியும் ஒரு டம்ளர் குடிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, தண்ணி என்ன பாவம் பண்ணுச்சு? அதையாவது குடிச்சிருக்கலாமில்ல?" என்று சத்தம் போட்டேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மாதேஷ் சாரும் திட்டினார். "எத்தன தடவ சொல்றேன், நீரு குடி, நீரு குடின்னு!" என்றார். அப்போது மாதேஸ்வரிதான் பட்டென்று சொன்னாள்.

"குடிச்சா எங்க சார் போறது? இங்க பாத்ரூம் இருக்குதா? ஹைவே தாண்டி பெட்ரோல் பங்க்குக்குப் போவணும். அங்க லாரிக்காரங்க நிப்பாங்க. நாங்க மேட்ச் அன்னிக்கு எந்திரிச்சதுல இருந்தே தண்ணி குடிக்கிறதில்ல. போன மேட்ச்சுல சானியா வுழுந்தது அதனாலதான். இவ ஒருத்தி வுழுந்தா, நாங்க வுழல, அவ்ளோதான்."

மாதேஷ் சார் சீல் உடையாத கேனைப் பார்த்தார். பிறகு, "நனகே கொத்தில்லா பாய். எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். எனக்கு மட்டும் தெரியுமா? சாக்கு சாக்காகப் பழம் கொண்டுபோன எனக்கு, தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர ஓர் இடம் வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்களை மாதிரி ஆண்களுக்கு மதில் ஓரம் போதும். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சானியா என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "எப்படித்தா சொல்றது" என்றாள்.

அக்கா, அப்போதுதான் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. எனக்கு எட்டு வயசு இருக்கும். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிது, தினமும் இரண்டு பஸ் மாறி எங்கேயோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவீர்கள். சாயங்காலம் நீங்கள் வருகிற நேரத்துக்கு நான் வாசலில் காத்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், பையை என் மேல் எறியாத குறையாகப் போட்டுவிட்டு, விறுவிறுவென்று கொல்லைப் பக்கம் போய்விடுவீர்கள். திரும்பி வந்துதான் சிரிப்பீர்கள். நாம் என்ன தப்பு செய்தோம், அக்கா ஏன் தினமும் கோபமாக வருகிறது என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன். நாற்பது வருடம் கழித்து, குட்டியானை வண்டியில், வாழைப்பழ நாற்றத்துக்கு நடுவில் எனக்கு அது புரிந்தது. உனக்குக் கோபமே இல்லை அக்கா. பாவம் நீ. அந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒன்றும் இருந்திருக்காது. எத்தனை வருஷம் தண்ணி குடிக்காமல் வேலை பார்த்தாய்? யார்கிட்டச் சொன்னாய்? நானும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லையே. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

மரியாதை குறைந்துவிட்டது, மன்னிக்கவும். இனி பிள்ளைகளின் கஷ்டத்துக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மைதானத்து வாட்ச்மேன் கோவிந்தப்பனிடம் பேசி, மூலையில் ஓர் இடம் வாங்கினேன். குழி வெட்டி, கக்கூஸ் பீங்கான் பதித்தேன். தக்காளிச் செடிக்கு ஊன்றுகிற கம்புகளை நாலு பக்கமும் நட்டு, என் குடோனில் இருந்து சாக்கு கொண்டுபோய், கோணி ஊசியும் சணலும் வைத்து நானே உட்கார்ந்து சுவர் தைத்தேன். கதவு, கொண்டி, தண்ணீர் டிரம், மக்கு எல்லாம் தயார். மூன்றாவது மேட்ச்சுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நாஸியாவைக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினேன். அவள் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"நான் தெரியறேனா?"

"நிழலா லேசாத் தெரியற. கை தூக்கற. என்னைத் திட்டற மாதிரி இருக்கு."

"திட்டத்தான் திட்டறேன். உச்சி வெயில்ல உள்ள நிக்கிறவ நிழலாத் தெரிஞ்சா எவ வருவா? ரெண்டு அடுக்கு போடுங்க. உள்பக்கம் பிளாஸ்டிக் சாக்கு."

மறுபடி பிரித்து இரண்டு அடுக்காகத் தைத்தேன். விரலில் கோணி ஊசி மூன்று தடவை ஏறியது. சாக்கு வியாபாரத்தில் இத்தனை வருடத்தில் நான் தைத்த நல்ல தையல் அதுதான் என்று என் மனதுக்குத் தெரியும்.

மூன்றாவது மேட்ச்சில் பழம் ஆளுக்கு ஒன்று. அதுவும் ஒரு மணி நேரம் முன்னால். அதற்கும் மூன்று மணி நேரம் முன்னால் களி. நாஸியா தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டு மடக்கு என்று கணக்காகக் கொடுத்தாள். நான் ஒன்றையும் தொடவில்லை, தொட என்னை விடவும் இல்லை. இடைவேளையில் கேன் காலி. என் சாக்கு அறைக்கு முன்னால் எங்கள் பிள்ளைகளும் எதிர் டீம் பிள்ளைகளும் ஒரே வரிசையில் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டாம் பாதி ஏழு நிமிடம் தாமதம். ரெஃபரி விசில் ஊதினார், ஒருத்தியும் அசையவில்லை. முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தோற்றுவிட்டோம் அக்கா, ஒன்றுக்குப் பூஜ்யம். எதிர் டீம் பிள்ளைகளும் எங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேயாக ஓடினார்கள். ஆனால் யாரும் விழவில்லை. சானியா கடைசி விசில் வரைக்கும் ஓடினாள். அதைப் பார்த்துத்தான் மாவட்ட அணிக்குத் தேர்வு செய்கிறவர் அவள் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

இவ்வளவுதான் நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். இனி தங்கள் தீர்ப்பு. அவளுக்குப் பந்து என்றால் உயிர் என்று நான் எழுதப்போவதில்லை, அது எல்லா அப்பனும் எழுதுவது. ஐந்து வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு அப்பனுக்காக மைதானத்தில் இறங்கின பிள்ளையைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் தாங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவளை நான் சமாதானம் செய்துகொள்கிறேன். எப்படி என்று மட்டும் எனக்குத் தெரியாது. தங்கள் பதில் கிடைக்கிற வரைக்கும் டிராயரைத் திறக்க மாட்டேன் என்று அல்லாஹ் மேல் ஆணையாக எழுதுகிறேன்.

தங்களுக்கு நீண்ட ஆயுளும் நோயில்லாத முழங்காலும், எங்களுக்குத் தங்கள் நிழலும் எந்நாளும் கிடைக்க வல்ல இறைவனை வேண்டும்,

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
அ. அதாவுல்லா.

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்து நாஸியாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள், உங்கள் பள்ளிக்கூட இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா முகாம் நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு" என்றாள். ஆணையை மீறி டிராயரைத் திறந்து பார்த்தேன், அதில் இருப்பது ஜெராக்ஸ். அசல் ஃபாரத்தை அவள் புதன்கிழமையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளாம். அம்மா கையெழுத்தும் செல்லுமாம். முகாம் கிருஷ்ணகிரியில். தங்க இடம் போதாது, பக்கத்தில் உறவு இருக்கிறவர்கள் அங்கே தங்கிக்கொள்ளலாம் என்று சொன்னார்களாம். ஃபாரத்தில் லோக்கல் கார்டியன் என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதில் 'வஜிஹா பேகம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, காவேரிப்பட்டினம்' என்று அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். சானியா கூட ஒருத்தி உயரமாக நிற்பாள், அவள்தான் மாதேஸ்வரி. அவளுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பதால் அவளுக்கும் கார்டியன் தாங்களே.

ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, இன்றைய பஸ்ஸிலேயே அனுப்புகிறேன். இதைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தங்கள் முகத்தையே பார்த்தபடி வாசலில் நிற்பவளைத்தான் போக விடலாமா என்று நான் இத்தனை பக்கம் கேட்டிருக்கிறேன். தீர்ப்பை அப்புறம் சொல்லுங்கள் அக்கா. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள், இரண்டு பேரும் காலையிலிருந்து ஒரு சொட்டுக் குடித்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்காதீர்கள், "வேணாம் மாமி" என்பார்கள். முதலில் பாத்ரூம் கதவைத் திறந்துவிடுங்கள். அப்புறம் குடிக்கிற சொம்பை அவர்களே தேடி எடுத்துக்கொள்வார்கள்.